ஆடி மாதத்தில் அளந்த காற்று

கோரிமேடு தாண்டி ஏற்காடு அடிவாரம் போகிற ரோட்டில் என் மச்சானுக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. அதில் கல்யாண மண்டபம் கட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பிளான் போட்ட மாதமே பின்பக்கத்து வீடுகளில் இருந்து மனு கிளம்பிவிட்டது. ரோடு அடைத்துக்கொள்ளும், புகை வரும் என்று. கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால்தான் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம். நம் மண்டபம் அதில் கால்வாசிகூட வராது. ஆனால் மனு கொடுத்தவர்களும் நாளைக்கு அதே மண்டபத்தில் பந்தியில் உட்காரப்போகிறவர்கள்தானே. அதனால் போக்குவரத்தையும் காற்றையும் அளந்து அறிக்கை தருகிற ஒரு நிறுவனத்தைப் பிடித்தோம். பெயர் எழுதப் போவதில்லை. வரியோடு 85,000 ரூபாய். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். அந்த மூன்றில் இரண்டு, வெயிலில் உட்கார்ந்து வண்டி எண்ணிய பையன்களுக்கு.

நான் ஏற்காடு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். மலையில் இருக்கிற 20 கொண்டை ஊசி வளைவும் இன்னும் கனவில் வருகின்றன. "நீங்களே கூட இருந்து பாருங்க மாமா" என்று மச்சான் பொறுப்பை என் தலையில் கட்டினார்.

காலை 6 மணிக்கே இரண்டு பையன்கள் வந்து புளியமரத்தடியில் நாற்காலி போட்டுக்கொண்டார்கள். மலை ஏறுகிற வண்டி ஒருவனுக்கு, இறங்குகிற வண்டி இன்னொருவனுக்கு. 15 நிமிடத்துக்கு ஒரு கட்டம். நாலு கோடு கிழித்து ஐந்தாவதைக் குறுக்கே இழுக்கிறார்கள்; பைக், ஆட்டோ, கார், குட்டியானை, பஸ், லாரி எல்லாம் தனித்தனி. டீ குடிக்கும்போதுகூட ஒருவன் குடிக்க, மற்றவன் இரண்டு பக்கத்தையும் பார்த்துக்கொண்டான். குறை சொல்ல முடியாத வேலை.

அப்புறம் ஆபீஸில் உட்கார்ந்து எல்லா வண்டியையும் கார் கணக்குக்கு மாற்றுகிறார்கள். அங்கேதான் முதல் சிக்கல். ரோட்டுக்குத் தரம் வகுக்கிற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அமைப்பின் 1990 வழிகாட்டியில் நகர ரோட்டுக்கு ஒரு கணக்கு உண்டு. மொத்த வண்டிகளில் பைக் 5 சதவீதம் என்றால் ஒரு பைக் அரை கார். 10 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் முக்கால் கார். எங்கள் ரோட்டில் ஓடுவதில் பாதிக்கு மேல் பைக்தான். அறிக்கையிலோ 0.5 போட்டிருந்தது. கேட்டால் கிராமத்து ரோட்டுக்கான எண்ணாம். ஆனால் ரோட்டின் கொள்ளளவுக்கு மட்டும் அதே நகர வழிகாட்டியில் இருந்து மணிக்கு 1,500 கார் என்று எடுத்திருக்கிறார்கள். பைக்கை எடை போட ஊர்த் தராசு, ரோட்டை அளக்க நகரத்து முழக்கோல். அப்படிச் செய்தால் ரோடு எப்போதும் காலியாகத்தான் தெரியும். இதைத் திருத்தித் தந்தார்கள், முகம் கோணாமல்.

காற்று பிடிக்கிற மெஷினை மாட்டுக்கொட்டகைப் பக்கத்தில் மேடை கட்டி வைத்தார்கள். 24 மணி நேரம் 'உய்ய்' என்று இழுத்துக்கொண்டே இருக்கும். முடிந்ததும் அந்தப் பையன் இடுக்கியால் உள்ளிருந்து வட்டமான வடிகட்டித் தாளை எடுத்தான். போகும்போது வெள்ளை வெளேரென்று இருந்தது, வரும்போது பழைய வேட்டி நிறம். விரல் படாமல் சின்ன டப்பாவில் வைத்து மூடினான். "கை பட்டா வேர்வையும் சேர்ந்து எடை காட்டும் சார்" என்றான். தாளின் எடை முன்னே எவ்வளவு, பின்னே எவ்வளவு, இடையில் எத்தனை கன மீட்டர் காற்று போனது, இவ்வளவுதான் கணக்கு. ஒரு நாள் சராசரி ஒரு கன மீட்டருக்கு பிஎம்10 தூசி 100 மைக்ரோகிராம், அதிலும் நுண்ணிய பிஎம்2.5 60 மைக்ரோகிராம், இது இந்தியா முழுக்க வரம்பு. எங்கள் இடம் இரண்டிலும் வரம்புக்கு நன்றாகக் கீழே வந்தது. மச்சானுக்கு ஒரே சந்தோஷம்.

எனக்கு மட்டும் உறுத்தியது. அளந்தது ஆடி மாதம், அதிலும் செவ்வாயும் புதனும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம், தூசி எங்கே நிற்கும்? தை மாதத்து விடிகாலையில் சேர்வராயன் மலையில் இருந்து குளிர் இறங்கி, குப்பை கொளுத்துகிற புகை இடுப்பளவில் அப்படியே படுத்திருக்கும் ஊர் இது. அறிக்கையில் ஒரு வரி: "மாலை நேரக் கடற்காற்று மாசைக் கலைத்துவிடும்." சேலத்தில் கடற்காற்று! எந்தக் கடலோர ஊர் அறிக்கையில் இருந்து வெட்டி ஒட்டினார்களோ.

அந்த நிறுவனத்து என்ஜினீயர் தம்பியிடம் நேரில் போனேன்.

"சார், சாதாரண வேலை நாளைத்தான் எண்ணணும், அதுதான் முறை."

"தம்பி, எங்க மண்டபம் சாதாரண வேலை நாள்ல திறக்காதே. ஆடியில திறக்கவே திறக்காது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சிரித்துவிட்டார்.

திங்கட்கிழமை முகூர்த்தம் என்றால் ஞாயிறு சாயங்காலம் ரிசப்ஷன். அதே ஞாயிறு சாயங்காலம்தான் ஏற்காடு போனவன் எல்லாம் இறங்குகிறான், பிரேக்கில் கால் வைத்தபடியே. எங்கள் இடம் மலைக்குப் போகும்போது வலது கைப் பக்கம். டவுனில் இருந்து வருகிற ஒவ்வொரு காரும் இறங்குகிற வண்டிகளை வெட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். ஒரு பஸ் டிரைவருக்கு இது கண்ணில் பட்டுவிடும். செவ்வாய்க்கிழமைக் கணக்கில் எந்தக் கட்டத்திலும் வராது. கூடுதலாக 22,000 வாங்கிக்கொண்டு ஆவணியில் ஒரு முகூர்த்தத்துக்கு முந்தின ஞாயிறு வந்து எண்ணினார்கள். காற்றுக்கு இன்னொரு தடவை மெஷின் வைக்கக் காசு இல்லை. ஜங்ஷன் ரோட்டில் சோனா கல்லூரியில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிலையம் இருக்கிறது. அதன் ஆடி எண்ணையும் தை எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போடுங்கள் என்று என் பேரன் சொன்னான், போட்டார்கள்.

இரண்டாவது அறிக்கை காசுக்குத் தகும். கேட்டை ரோட்டோரத்தில் வைக்காமல் 30 மீட்டர் உள்ளே தள்ளச் சொல்லியிருக்கிறார்கள்; அந்த நீளத்தில் வரிசைக்கு ஐந்து கார் ரோட்டைத் தொடாமல் நிற்கும். வெளியே போக இடது பக்கம் தனி வழி. முதல் அறிக்கையில் ஜெனரேட்டர் என்ற சொல்லே இல்லை, இதில் இருக்கிறது. விதிப்படி ஜெனரேட்டரின் திறனைச் சொல்கிற கேவிஏ எண்ணின் வர்க்கமூலத்தை 0.2ஆல் பெருக்கினால் கட்டடத்துக்கு மேலே புகைபோக்கி எத்தனை மீட்டர் உயர வேண்டும் என்று வரும். எங்கள் 100 கேவிஏவுக்கு 2 மீட்டர்.

பின்பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு 60 பக்கத்தையும் நடுவில் வைத்தோம். யாரும் புரட்டவில்லை. ஒரு பாட்டி மட்டும், "ஜெனரேட்டரு எந்தப் பக்கம் வெக்கறீங்க கண்ணு?" என்று கேட்டார். அது அவர் ஜன்னலுக்கு நேராக இருந்தது. பிளானில் அதை ரோட்டுப் பக்கத்து மூலைக்கு மாற்றியாயிற்று.

வடிகட்டித் தாள்களின் எடைக் குறிப்பு நகலை மூன்று தடவை கேட்டும் இன்னும் அனுப்பவில்லை. அனுப்பினால் இன்னொரு நட்சத்திரம் சேர்க்கிறேன். கூப்பிடுகிறவர்கள் பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாள் குறித்துக் கொடுங்கள்.