உங்கள் எக்ஸ்டென்ஷனை விலைக்குக் கேட்டு மின்னஞ்சல் வந்தால், பதில் போடும் முன் இதைப் படியுங்கள்

வேலைக்குப் போய்க்கொண்டே ராத்திரியில் ஆப், எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் சேர்த்துப் பயன்படுத்தும் சின்னக் கருவி) என்று சொந்தமாக ஏதாவது செய்து, மாதாமாதம் கொஞ்சம் கூடுதல் வருமானம் பார்ப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். நம்மைக் குறிவைத்தே ஒரு கும்பல் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்கிறது. என் எக்ஸ்டென்ஷனும் போய்விட்டது, கொடுத்த பணத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள். அதைக்கூட விடுங்கள், என்னை நம்பி அதைப் போட்டிருந்தவர்களின் பிரவுசருக்குள் இவர்கள் புகுந்துவிட்டார்கள், அதுதான் மனசு ஆறவில்லை.

என்னுடையது சின்னக் கருவிதான். இணையப் பக்கத்தில் இருக்கும் அட்டவணையை ஒரே கிளிக்கில், தேதியும் எண்ணும் குழம்பாமல் எக்செல்லுக்கு எடுத்துக் கொடுக்கும். ஜிஎஸ்டி தளத்திலும் வங்கித் தளத்திலும் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் கணக்காளர்கள்தான் அதிகம் பயன்படுத்தினார்கள். இலவசப் பதிப்பு ஒன்று, ஒருமுறை பணம் கட்டி வாங்குவது ஒன்று. குரோம் பிரவுசருக்கான எக்ஸ்டென்ஷன்கள் கிடைக்கும் குரோம் வெப் ஸ்டோருக்குள்ளேயே பணம் வாங்க முன்பு கூகுள் ஒரு வசதி வைத்திருந்தது. 2021 பிப்ரவரியோடு அதை மூடிவிட்டதால் தனியாக ஒரு பேமெண்ட் கேட்வே வைத்துத்தான் ஓட்டினேன். அப்படியும் மாதம் பத்துப் பன்னிரண்டாயிரம் வந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் ஒரு வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல். அலுவலக வேலைக்கான சின்னச் சின்னக் கருவிகளை வாங்கி ஒரே தொகுப்பாக நடத்துகிறார்களாம். விலையில் மூன்றில் ஒரு பங்கு முன்பணம், மீதி இரண்டு வருடத்துக்கு மாதாமாதம். "நீங்கள் இனி எதையும் பராமரிக்க வேண்டாம், வருமானம் மட்டும் வந்துகொண்டிருக்கும்" என்று எழுதியிருந்தார்கள். வீடியோ காலில் ஒருவர் பொறுமையாகப் பேசினார். யூசர்களின் தரவைச் சேகரிக்க மாட்டோம் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு விதி போட்டுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள். அவர்கள் தளத்தில் இருந்த மற்ற எக்ஸ்டென்ஷன்களையும் தேடிப் பார்த்தேன், எல்லாவற்றுக்கும் நல்ல ரிவ்யூ. அவையும் என்னைப் போன்றவர்களிடம் வாங்கியவை, அந்த ரிவ்யூ எல்லாம் பழைய உரிமையாளர்கள் உழைத்துச் சம்பாதித்தவை என்பது பின்னால்தான் தெரிந்தது.

முன்பணம் பேபாலில் வந்தது. எக்ஸ்டென்ஷனை அவர்கள் அக்கவுண்டுக்கு மாற்றிக் கொடுத்தேன். இங்கேதான் எல்லாரும் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. உரிமை கைமாறினால் அதைப் பயன்படுத்துபவர்களுக்கு எந்த அறிவிப்பும் போகாது. பெயர் அதேதான், ஐகான் அதேதான், ரிவ்யூவும் அதேதான். அடுத்த அப்டேட் யாரும் கேட்காமலேயே எல்லார் கணினியிலும் தானாக ஏறிவிடும். இவர்கள் விலை கொடுத்தது நான் எழுதிய நிரலுக்கு (கோட்) இல்லை, அந்த வழிக்குத்தான்.

முதல் அப்டேட்டில் ஒன்றும் இல்லை, பதிப்பு எண் மட்டும் மாறியிருந்தது. இரண்டாவதில் பர்மிஷன் மாறியது. என் கருவி பட்டனை அழுத்தினால் மட்டும், திறந்திருக்கும் அந்த ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கும்படி எழுதியிருந்தேன். புதிதாகக் கேட்டதோ எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி. இப்படி அனுமதி கூடும்போது குரோம் எக்ஸ்டென்ஷனை நிறுத்திவைத்துவிட்டு நம்மிடம் கேட்கும். ஆனால் மாதக் கடைசியில் ரிட்டர்ன் தாக்கல் செய்யும் அவசரத்தில் இருப்பவர் என்ன செய்வார்? தினமும் பயன்படுத்தும் கருவிதானே என்று ஓகே கொடுத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்.

திருப்பூரிலிருந்து ஒரு கணக்காளர் எழுதியிருந்தார்: "சார், அப்டேட் ஆனதுலேர்ந்து கூகுள்ல எதைத் தேடினாலும் நடுவுல வேற ஒரு பக்கம் வந்துட்டுப் போகுது. உங்க எக்ஸ்டென்ஷனை ஆஃப் பண்ணா சரியாயிடுது. என்னன்னு கொஞ்சம் பாருங்க." புதிய பதிப்பை இறக்கி என் பழைய நிரலோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தேன். அட்டவணை எடுக்கும் பகுதியில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. புதிதாக ஒரு ஃபைல் சேர்ந்திருந்தது. அப்டேட் ஆகிச் சில நாள் அது சும்மா இருக்கும், அப்புறம் நாம் திறக்கும் ஒவ்வொரு பக்கத்தின் முகவரியையும் ஒரு சர்வருக்கு அனுப்பும். வங்கித் தளத்திலேயே நாள் முழுக்க இருப்பவர்களின் பிரவுசரில் இது ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நிறுவனத்திடம் கேட்டு எழுதிய மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. மாதத் தவணை ஒன்றுகூட வரவில்லை. அதற்கு மேல், கொடுத்த முன்பணத்தையும் பேபாலில் டிஸ்ப்யூட் (பணத்தைத் திருப்பிக் கேட்கும் புகார்) போட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பணம் கொடுத்தவர் 180 நாள் வரைக்கும் டிஸ்ப்யூட் போடலாம். நம் ஊரில் பேபாலில் வரும் பணம் தானாகவே வங்கிக்குப் போய்விடுவதால், கணக்கில் ஒன்றும் இல்லாமல் என் பேலன்ஸ் மைனஸில் போய் நின்றது. ஒப்பந்தத்தைக் காட்டியும் பலன் இல்லை, ஒரு எக்ஸ்டென்ஷனின் உரிமையை ஒப்படைத்ததற்கு கூரியர் ரசீதா காட்ட முடியும்?

பணம் கட்டி வாங்கியவர்களின் மின்னஞ்சல் என்னிடம் இருந்ததால், உடனே நீக்குங்கள், முக்கியமான பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள் என்று அவர்களுக்கு எழுதினேன். இலவசமாகப் போட்டவர்களுக்குச் சொல்ல எனக்கு வழியே இல்லை. வெப் ஸ்டோரில் புகார் கொடுத்தேன், தெரிந்தவர்களையும் கொடுக்கச் சொன்னேன், ஒருவழியாக நீக்கினார்கள். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்து சைபர் கிரைம் தளத்திலும் பதிந்திருக்கிறேன். அந்த நிறுவனம் கொடுத்த முகவரி வெறும் தபால் வாங்கும் இடம்.

இது புதுசும் இல்லை. 2014-லேயே 'ஆட் டு ஃபீட்லி' என்ற எக்ஸ்டென்ஷன் இப்படிக் கைமாறி விளம்பரம் திணிக்க ஆரம்பித்து, கூகுள் அதை எடுத்துவிட்டது. 'தி கிரேட் சஸ்பெண்டர்' 20 லட்சம் பேருக்கு மேல் பயன்படுத்தியது, 2020-இல் கைமாறி, 2021 பிப்ரவரியில் மால்வேர் (தீங்கு செய்யும் மென்பொருள்) என்று நீக்கப்பட்டது. 2020 அக்டோபரில் 'நானோ ஆட்பிளாக்கர்' கதையும் இதேதான்.

விலைக்குக் கேட்காமல் வேறு மாதிரியும் வருவார்கள். "எங்கள் எஸ்டிகே-யை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், யூசர் எண்ணிக்கைக்கு ஏற்ப மாதாமாதம் பணம்" என்பார்கள். எஸ்டிகே என்றால் நம் எக்ஸ்டென்ஷனுக்குள் சேர்க்கச் சொல்லி அவர்கள் கொடுக்கும் நிரல் தொகுப்பு. பாதுகாப்புத் துறையில் எழுதும் பிரையன் கிரெப்ஸ் 2021 மார்ச்சில் இதை விரிவாக எழுதினார். அவர் எழுதிய நிறுவனம் ஆயிரம் யூசருக்கு மாதம் 15 முதல் 45 டாலர் வரை கொடுத்து, அந்த யூசர்களின் இணைய இணைப்பு வழியாக வேறு யாருடைய இணையப் போக்குவரத்தையோ அனுப்பிக்கொண்டிருந்தது. நிலையான வருமானம் என்று ஆசை காட்டுவதற்கு அந்தத் தொகை போதும்.

விற்றே ஆக வேண்டும் என்றால் பணம் முழுவதையும் எஸ்க்ரோவில் (கைமாற்றம் முடியும்வரை பணத்தைப் பிடித்துவைக்கும் நடுநிலைச் சேவை) போட்ட பிறகுதான் மாற்றிக் கொடுங்கள். எஸ்க்ரோ தளத்தையும் நீங்களே தேர்ந்தெடுங்கள், அவர்கள் அனுப்பும் லிங்க்கில் போகாதீர்கள், அதிலும் போலி உண்டு. ஆனால் எஸ்க்ரோ உங்கள் பணத்தைத்தான் காப்பாற்றும், யூசர்களைக் காப்பாற்றாது. என்னைக் கேட்டால், முகம் தெரியாதவரிடம் கொடுப்பதைவிட எக்ஸ்டென்ஷனை ஸ்டோரிலிருந்து எடுத்துவிடுவதே மேல்.

அதே வாசகங்களோடு வேறொரு பெயரில் இன்னொரு டெவலப்பருக்குப் போன வாரம் மின்னஞ்சல் வந்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு முன்பணம், இரண்டு வருடத் தவணை, பராமரிப்பு வேண்டாம், எல்லாம் அச்சு அசல். உங்களுக்கும் வந்திருந்தால் அழித்துவிடாதீர்கள், முழு ஹெடரோடு (மின்னஞ்சல் எங்கிருந்து, எந்த வழியாக வந்தது என்ற விவரம்) எனக்கு அனுப்பி வையுங்கள், சைபர் கிரைம் புகாரோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.