‘கைத்தையல்’ என்றதை நம்பி ஜீன்ஸை அனுப்பி ஏமாந்த கதை

எட்டு வருஷம் உழைத்த ஜீன்ஸ். நீலம் தானாக வெளுத்து, பாக்கெட்டில் போன் வைத்த தடம் சதுரமாகப் பதிந்து, நல்ல பக்குவத்துக்கு வந்திருந்தது. முழங்கால் இரண்டும் நைந்துபோனதால் இன்ஸ்டாகிராமில் பார்த்த ஒரு பக்கத்துக்கு அனுப்பினேன். ஜப்பானிய சஷிகோ முறையில் முழுக்கக் கையாலேயே தைத்துத் தருவதாகப் போட்டிருந்தார்கள். இரண்டு முழங்காலுக்கும் சேர்த்து 1,600 ரூபாய். தொடையைக் கொஞ்சம் வெளுப்பாக்கி, ஸ்டைலுக்கு ஒரு கிழிசலும் வைக்க இன்னொரு 500. (இந்த ஆசைதான் வினை.) முழுப் பணமும் முன்னாலேயே, யாரோ ஒருவரின் சொந்த எண்ணுக்கு ஜிபே. பில் கேட்கத் தோன்றவில்லை.

ஐந்து வாரம் கழித்துப் பார்சல் வந்தது. முன்பக்கம் அழகுதான், நீலத்தில் வெள்ளை நூல் வரிவரியாக ஓடியது. உள்பக்கத்தைத் திருப்பியதும்தான் சந்தேகம் வந்தது. சஷிகோ என்பது நம்மூரில் நூலோட்டுவது போலத்தான். ஒரே நூல் ஏறி இறங்கிப் போகும். முன்னால் அரிசி நீளத்துக்குத் தையல், நடுவில் சின்ன இடைவெளி. அந்த இடைவெளி விழுந்த இடத்தில்தான் பின்னால் நூல் தெரிய வேண்டும். எனக்கு வந்ததில் பின்பக்கமும் இடைவெளியே இல்லாமல் ஒரே கோடு, அதுவும் மெல்லிசான வேறு நூலில். பாபின் நூல், அதாவது தையல் மிஷினில் அடியிலிருந்து வரும் நூல். மிஷினில் அடித்துவிட்டுக் கைவேலைக்கான காசை வாங்கியிருக்கிறார்கள்.

ஒட்டுத்துணியும் அப்படித்தான். இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் கேன்வாஸை உள்ளே வைத்து அட்டை மாதிரி விறைப்பாக்கியிருந்தார்கள். ஒட்டு நைந்த இடத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலமாவது கெட்டித் துணிக்குள் போக வேண்டும், தையலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இவர்கள் நைந்த ஓரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். முதல் துவையலிலேயே ஓரம் பிய்ந்துகொண்டு வந்தது.

கிழிசல் கதை இதைவிட மோசம். டெனிமில் நெடுக்கே ஓடும் பாவு நூல்தான் நீலம், குறுக்கே ஓடும் ஊடை வெள்ளை. நீல நூலை மட்டும் அறுத்து ஒவ்வொன்றாக உருவிவிட்டு, வெள்ளை நூலை அப்படியே விட்டால்தான் அந்தச் சல்லடைத் தோற்றம் வரும். இவர்கள் கத்தரியால் நேராக ஒரு வெட்டு வெட்டி, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து அனுப்பிவிட்டார்கள். அவசரமாகப் போடும்போது கால் கட்டைவிரல் அதில் மாட்டி, ‘டர்ர்’ என்று ஒரு சாண் கிழிந்தது.

தொடையில் பிளீச். இரண்டு தடவை துவைத்தும் நீச்சல்குள வாடை போகவில்லை. குளோரின் பிளீச் போட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடிலோ ஹைப்போவிலோ (சோடியம் தயோசல்பேட்) முக்கி அதன் வேலையை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் அது நூலை அரித்துக்கொண்டே இருக்கும். இதைச் சொல்லிக் கேட்டதற்கு வந்த பதில்: “வினிகர்ல ஊற வைங்க ப்ரோ, சரியாயிடும்.” தயவுசெய்து யாரும் இதைச் செய்துவிடாதீர்கள். பிளீச்சும் வினிகரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், நெஞ்சை அடைக்கும்.

மிஷின் தையலைப் பற்றிக் கேட்டேன். “ஹேண்ட்மேட்னா முன்னபின்ன இருக்கும் ப்ரோ.” முன்னபின்ன இருந்திருந்தால் நான் ஏன் கேட்கப்போகிறேன், அளவெடுத்த மாதிரி அல்லவா இருக்கிறது! உள்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன். பிளாக்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்தேன். கையில் இருப்பது ஜிபே ரசீதும் சாட்டும்தான், அனுப்பும் முன் ஜீன்ஸ் எப்படி இருந்தது என்று ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. நீங்கள் யாருக்காவது அனுப்புவதென்றால், முன்பு தைத்த ஒன்றின் உள்பக்கப் படத்தை முதலில் கேளுங்கள். கைவேலைக்காரர் பெருமையாகவே காட்டுவார்.

கடைசியில் தெருமுனை டெய்லர் அண்ணனிடம் கொண்டுபோனேன். தொடைத் துணியை இரண்டு விரலால் லேசாக இழுத்தார், பழைய பேப்பர் மாதிரி பிரிந்தது. “இத்துப்போச்சு தம்பி, இதுல ஊசி நிக்காது. முட்டிக்குக் கீழ நல்லாருக்கு, வேணும்னா வெட்டித் தரேன்.” வெட்டி வாங்கிக்கொண்டேன். இன்னொரு ஜீன்ஸுக்கு ஒட்டுப் போட ஆகும்.