செத்த தேனீயில் பூச்சிமருந்து எச்சம் தேடும் பரிசோதனை: காரைக்குடியிலிருந்து அனுப்பத் தகுமா?

சென்னையில் உள்ள, என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களின் திறனுக்குச் சான்றளிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஒரு தனியார் ஆய்வகத்தின் சேவை பற்றிய மதிப்பீடு இது. தாராளமாக அனுப்பலாம். ஆனால் முடிவு பாதிக்குமேல் தேனீப் பெட்டியடியிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

பெட்டிக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்து, எறும்பு இழுக்குமுன் அன்றன்று விழுந்ததை மட்டும் பொறுக்க வேண்டும். ஒரு சோதனைக்கு 10 கிராம் தேவை. நம் அடுக்குத் தேனீ சிறியது; ஏறக்குறைய 150 பிடிக்கும். மறுசோதனைக்கும் சேர்த்து 300 எடுப்பது நல்லது. ஸ்பிரிட்டில் போடவே கூடாது, மருந்து அதில் கரைந்து இறங்கிவிடும். உடனே ஃப்ரீசரில் வைத்து, தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் ஜெல் அடுக்கி அனுப்பவும். செட்டிநாட்டு வெயிலில் ஒரு பகல் கிடந்தாலே மாதிரி அழுகும், எச்சமும் சிதையும்.

கடலை விதைநேர்த்தியிலும் நெல்லிலும் புழங்கும் பூச்சிமருந்துகளான இமிடாகுளோப்ரிட், தயாமீதாக்சம் இரண்டையும் அளக்க எல்.சி.-எம்.எஸ்.எம்.எஸ். (மாதிரியைத் திரவத்தில் பிரித்து அளப்பது) கருவி வேண்டும். விலை குறைவென்று ஜி.சி. (ஆவியாக்கிப் பிரித்து அளப்பது) மட்டும் உள்ள பேக்கேஜை எடுத்தால் காசு வீண். ஃபிப்ரோனில் என்ற பூச்சிமருந்தைத் தேடக் கேட்டால், அது மாறி உண்டாகும் சல்ஃபோன் என்ற பொருளையும் சேர்க்கச் சொல்லுங்கள். தேனீயின் உடலில் மருந்து அப்படித்தான் மாறிக் கிடக்கும்.

குறை ஒன்று உண்டு. அங்கீகாரப் பட்டியலில் காய்கறியும் தேனும் இருக்கின்றன, தேனீ இல்லை. தேனீயின் மெழுகும் கொழுப்பும் கருவியின் அளவைக் குறைத்துக் காட்டும். இதைத் திருத்த, மருந்து படாத பெட்டியிலிருந்து 10 கிராம் தேனீயைத் தனிப் பையில் அனுப்பி, அதில் தெரிந்த அளவு மருந்தைக் கலந்து, அதை வைத்தே அளவுகோல் போடச் சொல்ல வேண்டும். கேட்டால் செய்கிறார்கள். தாங்களாகச் சொல்வதில்லை, சொல்லியிருக்க வேண்டும்.

அறிக்கையில் 'கண்டறியப்படவில்லை' என்றிருந்தால் அளவீட்டு எல்லையை, அதாவது கருவி நம்பகமாக அளக்கும் மிகக் குறைந்த அளவைப் பாருங்கள். கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்றால், 100 மில்லிகிராம் எடையுள்ள இத்தாலியத் தேனீக்கு 1 நானோகிராம். இமிடாகுளோப்ரிட் வாய்வழி 3.7 நானோகிராம் அளவிலேயே பாதித் தேனீக்களைக் கொன்றதாகப் பதிவு உண்டு; அதுவும் உடலுக்குள் சில மணி நேரத்தில் பாதியாகிவிடும். கொன்ற மருந்து எல்லைக்குக் கீழே போயிருக்க இடமுண்டு. ஆகவே கிலோவுக்கு 0.001 மில்லிகிராம் வரை அளக்க முடியுமா என்று முன்பே கேட்டு, அடையில் சேர்ந்த மகரந்தத்தையும் 10 கிராம் வெட்டி உறையவைத்து, தனிக் குறியீட்டோடு சேர்த்து அனுப்புங்கள்.