லைட் எரிகிறது, கம்ப்யூட்டரில் தெரியவில்லை: ஹார்ட் டிஸ்க்கைக் கடையில் கொடுக்கும் முன்

போன மாதம் எங்கள் வீட்டு ஒரு டெராபைட் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை எப்போது செருகினாலும் ‘யூஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு’ என்றே வந்தது. டிஸ்க்கில் லைட் எரிந்ததால் வயரைச் சந்தேகிக்கத் தோன்றவே இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சர்வீஸ் கடையில், வயரையும் சேர்த்தே கொடுத்தேன்.

கடைக்காரர் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, “ஹெட் போயிடுச்சு சார், மாத்தணும். ரெக்கவரியோட சேர்த்து 7,500 ஆகும்” என்றார். ஹெட் என்றால் டிஸ்க்குக்குள் டேட்டாவைப் படிக்கிற பாகம். திருக்கடையூரில் நடந்த அப்பாவின் அறுபதாம் கல்யாண வீடியோ அதில்தான் இருந்தது. அப்பா இப்போது இல்லை. பேரம் பேசவும் மனம் வரவில்லை. பத்து நாள் இழுத்தடித்து, முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு டிஸ்க்கைத் தந்தார்.

வீட்டில் செருகினால் மறுபடியும் அதே செய்தி. அக்கா மகன் தன்னுடைய டிஸ்க்கின் வயரைக் கொண்டுவந்து மாட்டினான். உடனே திறந்துகொண்டது. ஆனால் ‘வீடு’ என்று நான் வைத்திருந்த பெயர் போய் ‘நியூ வால்யூம்’ என்று இருந்தது. உள்ளே ஒரே ஃபோல்டர். ‘எஃப்’ என்ற எழுத்தும் ஏழு எண்களும் மட்டுமே பெயராக ஆயிரக்கணக்கில் படங்கள். வீடியோவைத் தேடிப் பிடித்தோம். நாலு நிமிடம் ஓடியது. கலச அபிஷேகம் தொடங்கும் இடத்தில் கட்டம் கட்டமாகச் சிதறி நின்றுவிட்டது.

ஹெட் மாற்றுவதென்றால் டிஸ்க்கின் உள்மூடியைத் திறந்தாக வேண்டும். அது தூசியே இல்லாத அறையில் செய்கிற வேலை. என் டிஸ்க்கில் பிளாஸ்டிக் கூட்டின் கொக்கிகள்தான் உடைந்திருந்தன; உள்மூடித் திருகின் மேல் கம்பெனி ஒட்டிய ஸ்டிக்கர் கிழியாமல் அப்படியே இருந்தது. கடைக்காரரிடம் போனில் கேட்டதற்கு, “ஃபார்மட் பண்ணாத்தான் சாஃப்ட்வேர் ஓடும்” என்றார். சுத்தப் பொய். ஃபார்மட் செய்யாமலே தேடி எடுக்கலாம். அவரோ ஃபார்மட் செய்ததுமல்லாமல், மீட்ட ஃபைல்களை அதே டிஸ்க்கிலேயே எழுதியிருக்கிறார். பழையதன் மேல் புதியது ஏறினால் பழையது திரும்பாது. என் வீடியோ அப்படித்தான் போயிருக்க வேண்டும்.

யூஎஸ்பி வயரில் மின்சாரத்துக்கு வேறு கம்பி, டேட்டாவுக்கு வேறு கம்பி. டேட்டா கம்பி அறுந்தாலும் லைட் எரியும். அதனால் முதலில் வேறு வயர், அப்புறம் சிபியூவின் பின்பக்க போர்ட், அப்புறம் வேறு கம்ப்யூட்டர் என்று மாற்றிப் பாருங்கள். விண்டோஸில் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 931 ஜிபி என்று தெரிந்தால் உங்கள் ஒரு டெராபைட் டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் கண்டுகொண்டது என்று அர்த்தம். ஃபார்மட் செய்யவா என்று கேட்டால் கேன்சல் கொடுங்கள். ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் திரும்பத் திரும்பச் செருகாமல் எடுத்து வைத்துவிடுங்கள். ஹெட் கோளாறு பெரும்பாலும் அப்படித்தான் தெரியும்.

கடைக்குப் போனால் உங்கள் கண்ணெதிரே அவர்கள் வயரில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஃபார்மட் செய்யக் கூடாது, மீட்டதை வேறு டிஸ்க்கில் தர வேண்டும் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். என்னிடம் இருப்பது ‘எச்டிடி ரிப்பேர் 7,500’ என்ற துண்டுச்சீட்டு மட்டும்தான். அதை வைத்தே நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன்.

அன்றைக்குத் திருக்கடையூர் வந்திருந்த சொந்தக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து, பழைய போனில் ஏதாவது எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.