பழைய கிற்றார்: கடையில் மாற்றுவதா, நாமே விற்பதா, திருத்தி வைத்துக்கொள்வதா?

அக்காவின் மகன் வாசித்து வந்தது நான் 2009இல் வாங்கிய யமஹா எஃப்310. வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதைக்குக் கிட்ட இருக்கும் வீடு. பதினைந்து வருடத்துக்கு மேல் உப்புக்காற்று குடித்த கிற்றார் அது. போன வருடம் ஒரு நாள் அவன் விரல் நுனியைக் காட்டினான். முதல் ஃப்ரெட்டில் (ஃப்ரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) எஃப் கோட் (பல கம்பிகளை ஒன்றாக அழுத்தி எழுப்பும் சுரக்கூட்டு) பிடித்துப் பிடித்துத் தோல் வெடித்திருந்தது. "மாமா, இதைக் கடையில குடுத்திட்டுப் புதுசு எடுப்பமா?" என்றான்.

நியாயமான கேள்விதான். ஆனால் கொழும்பில் இதற்கு மூன்று வழி இருக்கிறது. கடையில் பழையதைக் கொடுத்து மிச்சக் காசைக் கட்டலாம். நாமே ஆள் பிடித்து விற்றுவிட்டு, காசோடு கடைக்குப் போகலாம். அல்லது பழையதையே திருத்தி வாசிக்கலாம். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரரிடம் சொல்லி எடுப்பிப்பதையும் சிலர் சேர்ப்பார்கள். அதைப் பிறகு பார்ப்போம். நாங்கள் மூன்றையும் விசாரித்தோம், இரண்டைச் செய்தும் பார்த்தோம்.

கடையில் மாற்றுவதில் பெரிய வசதி, ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். 101 பஸ்ஸில் ஏறிக் காலி வீதியில் இறங்கி, பழையதை வைத்துவிட்டுப் புதியதைத் தோளில் போட்டுக்கொண்டு வரலாம். தெரியாத ஆட்களோடு பேரம் பேசத் தேவையில்லை, ஏமாறும் பயமும் இல்லை. நாங்கள் போன கடையில் இருந்தவர் கிற்றாரை வாங்கி, இரண்டு கோட் அடித்து, பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "15,000 தரலாம் அண்ணா, அதுக்கு மேல ஏலாது."

அவர் மேல் குறை சொல்ல மாட்டேன். அவர் அதற்குப் புதுக் கம்பி போட வேண்டும், துடைத்துச் சரிபார்க்க வேண்டும், வாங்க ஆள் வரும்வரை கடையில் இடம் கொடுத்து வைத்திருக்க வேண்டும், அதன் பிறகு இலாபமும் பார்க்க வேண்டும். அதனால் எந்தக் கடையும் தான் விற்கப்போகும் விலையில் பாதி அளவைத்தான் நம்மிடம் சொல்லும். எனக்கு உறுத்தியது வேறு. பழையதைக் காட்டுவதற்கு முன் புதியதன் விலையைக் கேட்டபோது, ஒரே தடவையில் காசாகக் கட்டினால் நூற்றுக்கு ஐந்து குறைப்பதாகச் சொன்னார்கள். பழைய கிற்றார் பையிலிருந்து வெளியே வந்ததும் அந்தக் கழிவு காணாமல் போனது. மாற்றுக்கு எடுத்தால் கழிவு இல்லையாம். ஆகவே மாற்றத்தான் போகிறீர்கள் என்றாலும் கிற்றாரை முதல் நாளே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். முதலில் புதியதன் கடைசி விலையைப் பேசி முடியுங்கள், பிறகு பழையதைக் காட்டுங்கள்.

நாமே விற்பதற்கு இக்மன் என்ற இணைய விளம்பரத் தளமும் முகநூலும் இருக்கின்றன. விளம்பரம் போட்ட பத்தாவது நிமிடத்தில் "லாஸ்ட் ப்ரைஸ் கீயத?" என்று தகவல் வரத் தொடங்கும். கிற்றாரைப் பற்றி ஒரு சொல் கேட்காமல் கடைசி விலையை மட்டும் கேட்பவர்களில் பாதிப் பேர் வரவே மாட்டார்கள். எத்தனை வருடப் பழையது, ஃப்ரெட் தேய்ந்திருக்கிறதா என்று கேட்பவரோடு பேசுங்கள், அவர் வருவார். கம்பிகளை உடலோடு பிடித்துவைக்கும் பிரிட்ஜையும், கழுத்தும் உடலும் சேரும் இடத்தையும், கீறல் இருந்தால் அதையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துப் போட்டால் நேரில் வந்து விலை குறைக்க இடம் இருக்காது. நத்தாருக்கு இரண்டு மாதம் முன்பு போட்டால் கரோல் பழகும் பிள்ளைகளின் பெற்றோர் தேடும் நேரமாக இருக்கும். எங்களுக்கு நடந்தது அப்படித்தான்.

கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். எண்கள் சுலபமாக இருக்கப் புதியதன் விலையை 100,000 ரூபா என்று வைத்துக்கொள்கிறேன். கடையில் மாற்றினால் 15,000 கழித்து 85,000 கட்ட வேண்டும். நாங்களே விற்றபோது 32,000 கிடைத்தது. அதில் புதுக் கம்பிக்கும் திருத்தக் கூலிக்கும் 6,000 போனது, கையில் மிஞ்சியது 26,000. காசுக் கழிவு போகப் புதியது 95,000. அதாவது எங்கள் பையிலிருந்து போவது 69,000. இரண்டுக்கும் இடையில் 16,000 ரூபா. மூன்று வாரம் தொலைபேசியில் பதில் சொன்னதற்கும் இரண்டு சனிக்கிழமை வீட்டில் காத்திருந்ததற்கும் அது கூலி. இரவு எட்டு மணிக்கு வேலையால் வந்து படுக்கும் ஒருவருக்கு அந்தக் கூலி போதாமல் இருக்கலாம், அவர் கடையில் மாற்றுவதில் பிழையே இல்லை. படிக்கிற பிள்ளைக்கு 16,000 பெரிய காசு.

விலை சொல்லும்போது நம் ஆட்கள் ஒரு தவறு செய்கிறார்கள். "நான் 17,500க்கு வாங்கினது, இவ்வளவு வருசம் வாசிச்சாச்சு, 10,000 வந்தாக் காணும்" என்று நினைக்கிறார்கள். 2009இல் ஒரு டொலர் ஏறத்தாழ 115 ரூபா. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்தது, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. 2020இலிருந்து சில வருடம் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் இருந்தன. 2024 ஜனவரியில் வற் வரி 15இலிருந்து 18 வீதமானது. இவ்வளவும் புதிய கிற்றாரின் விலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அதோடு பழையதன் விலையும் ஏறியிருக்கிறது. வாங்கிய விலையை மறந்துவிட்டு, அதே மாதிரி இன்று புதிதாக என்ன விலை என்று கேட்டு, அதிலிருந்து கீழே இறங்குங்கள்.

இனித் திருத்துவது. இதை நான் கடைசியாகச் சொன்னாலும் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். "கிற்றார் சரியில்லை" என்று பிள்ளைகள் சொல்வதில் பெரும்பகுதி கம்பியின் உயரம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் ஒரு அடிமட்டத்தை நிறுத்தி, ஆறாவது கம்பியின் (மிகத் தடித்தது) அடிப்பக்கம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டரை மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நல்லது. மருமகனுடையது மூன்றரை. அந்த ஒரு மில்லிமீட்டர்தான் அவன் விரலை வெடிக்க வைத்தது.

கொழும்பில் இது நடக்காவிட்டால்தான் ஆச்சரியம். கிற்றாருக்கு ஏற்ற ஈரப்பதன் நூற்றுக்கு 45இலிருந்து 55 வரை. நமது கடலோரக் காற்றில் பெரும்பாலும் 70க்கு மேல். மரம் ஈரத்தைக் குடித்து ஊதும், பிரிட்ஜுக்குப் பின்னால் மேற்பலகை மெல்ல வயிறு வைக்கும், கம்பி மேலே போகும். பன்னிரண்டாம் இலக்கத் தடிப்புள்ள கம்பிகள் ஆறும் சேர்ந்து இழுக்கும் இழுவை கிட்டத்தட்ட 70 கிலோ, அது இரவு பகலாக இழுத்துக்கொண்டே இருக்கிறது. வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்துவிட்டால் பிரிட்ஜின் பசையும் இளகும்.

மொறட்டுவைப் பக்கம் கிற்றார் திருத்தும் ஒரு பாஸிடம் (கைவேலைக்காரரிடம்) கொண்டுபோனோம். தளபாடம் செய்யும் ஊர் என்பதால் மரத்தைக் கண்ணால் அளக்கும் பழக்கம் அங்கே நிறையப் பேருக்கு உண்டு. அவர் கிற்றாரைத் துப்பாக்கி போல் உயர்த்தி, ஒரு கண்ணை மூடி, கழுத்து நெடுகப் பார்த்தார். ஒரு துண்டுக் கடதாசியைப் பிரிட்ஜின் பின் விளிம்பில் செருகிப் பார்த்தார், போகவில்லை. விரல் மூட்டால் பின்பலகையை இடம் இடமாகத் தட்டிக் காது கொடுத்தார், உள்ளே சட்டம் ஏதும் கழன்றிருந்தால் அந்த இடத்தில் அதிருமாம். பிறகு கம்பிகளைத் தாங்கி நிற்கும் சாடில் எலும்பு பிரிட்ஜுக்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்தார். நான்கு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். "அராவ இடம் இருக்கு" என்றார்.

முழு முடிவும் அந்த ஒரு அளவில்தான் இருந்தது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஒரு மில்லிமீட்டர் இறங்க வேண்டும் என்றால் சாடிலில் இரண்டு மில்லிமீட்டர் அராவ வேண்டும். எங்களுக்கு அதற்கு இடம் இருந்தது. சாடில் ஏற்கெனவே பிரிட்ஜோடு ஒட்டிக்கொண்டிருந்து, கம்பி இன்னும் உயரமாகவே இருந்தால், கழுத்தைக் கழற்றிக் கோணம் மாற்றி ஒட்ட வேண்டும். மெல்லிய மர அடுக்குகளை ஒட்டிச் செய்த ஒட்டுப்பலகை கிற்றாருக்கு அந்த வேலை கட்டுப்படியாகாது, கூலி கிற்றாரின் விலைக்குக் கிட்ட வந்துவிடும். கடையில் மாற்றுவது உண்மையில் பொருந்துவது அப்படிப்பட்ட கிற்றாருக்குத்தான்: கடைக்காரருக்குக் குறையைக் காட்டி, அவர் சொல்லும் சிறு தொகையை வாங்கிக்கொண்டு புதியது எடுப்பது. குறையை மறைத்து இன்னொரு பிள்ளையின் தலையில் கட்டுவதை விட அது எவ்வளவோ மேல்.

பாஸ் கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பியான ட்ரஸ் ரொட்டைக் கால் சுற்றுத் திருப்பினார், சாடிலை அராவினார், பச்சை பிடித்திருந்த ஃப்ரெட்டுகளைத் தேய்த்தார். ஒரு மணித்தியாலம். மருமகன் அங்கேயே வாங்கில் இருந்து எஃப் பிடித்தான். ஆறு கம்பியும் சத்தமிட்டன. வீட்டுக்கு வந்து இரண்டு மணித்தியாலம் வைக்காமல் வாசித்தான்.

அப்படியானால் அத்தோடு விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். மூன்று மாதம் அப்படித்தான் விட்டோம். கை நோகாமல் போன பிறகுதான் அவன் காது வேலை செய்யத் தொடங்கியது. தனித்தனிக் கம்பியாக மீட்டும்போது ஓசை சீக்கிரம் அணைந்துவிடுகிறது என்றான். அது சரிதான், எஃப்310இன் மேற்பலகை ஒட்டுப்பலகை, எந்தத் திருத்தமும் அதை மாற்றாது. கையில் எடுக்கும் எந்தக் கிற்றாரிலும் இதை நீங்களே பார்க்கலாம். ஓசைத் துளையின் விளிம்பைக் குனிந்து பாருங்கள். மேலே தெரியும் மரக்கோடுகள் விளிம்பிலும் அப்படியே கீழே இறங்கினால் ஒற்றைப் பலகை, அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. யமஹா எஃப்ஜி800, ஃபெண்டர் சிடி-60எஸ் இரண்டும் ஸ்புரூஸ் மரத்தின் ஒற்றைப் பலகை போட்டு வருபவை. ஒட்டுப்பலகையிலிருந்து அங்கே போவது உண்மையான ஏற்றம். ஒட்டுப்பலகையிலிருந்து இன்னொரு பளபளப்பான ஒட்டுப்பலகைக்குப் போவதற்கு ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம்.

தலைகீழாக நடந்ததையும் பார்த்திருக்கிறேன். என் ஒன்றுவிட்ட தம்பியிடம் எஃப்ஜி700எஸ் இருந்தது. அந்த எஸ் என்ற எழுத்தே ஒற்றைப் பலகையைக் குறிப்பது. எட்டு வருடம் வாசித்துப் பலகை தேன் நிறமாகிவிட்டது, அடித்தால் அறை நிறையும். கோயில் நிகழ்ச்சியில் வயர் செருகி வாசிக்க வேண்டும் என்று, பிக்கப் (ஓசையை ஒலிபெருக்கிக்கு அனுப்பும் கருவி) வைத்த ஒட்டுப்பலகை கிற்றார் ஒன்றுக்கு ஒரு கடையில் அதைக் கொடுத்துவிட்டு மேலதிகமாகக் காசும் கட்டினான். ஓசைத் துளையில் மாட்டும் ஒரு பிக்கப்பை வாங்கியிருந்தால் போதும். இரண்டு வாரம் கழித்துத் திரும்பிப் போனான், விற்றுவிட்டார்கள். இன்றும் யாராவது தேன் நிறக் கிற்றாரோடு பஸ்ஸில் ஏறினால் திரும்பிப் பார்க்கிறான். ஒற்றைப் பலகை உள்ள பழைய கிற்றாரைச் சாடிலில் இடம் இருக்கும்வரை கைவிடாதீர்கள். கழுத்துக் கோணம் மாற்றும் செலவுகூட அதற்குத் தகும்.

வெளிநாட்டிலிருந்து எடுப்பிப்பது: கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ மாமா வரும்போது கொண்டுவந்தால் விலை குறையலாம். ஆனால் வாசித்துப் பார்க்காமல் வாங்குகிறோம், இங்கே உத்தரவாதம் செல்லாது, விமானப் பொதியில் போட உறுதியான பெட்டி வேண்டும், பழையதும் அப்படியே வீட்டில் கிடக்கும். ஆரம்ப நிலைக் கிற்றாருக்கு இவ்வளவு பாடு வேண்டியதில்லை.

ஐப்பசி மழையோடு விளம்பரம் போட்டோம். மூன்றாவது வாரம் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். பிள்ளைக்குப் பதின்மூன்று வயது இருக்கும், தேவாலயப் பாடகர் குழுவில் சேர்ந்திருக்கிறாள். மருமகன் அடிமட்டத்தை எடுத்துவந்து பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் வைத்துக் காட்டினான், தேய்ந்த ஃப்ரெட் எவை என்றும் சொன்னான். பிள்ளை தயங்கித் தயங்கி சி பிடித்தாள், பிறகு ஜி. "எஃப் கொஞ்ச நாள் போகட்டும், ஆனா இதில வரும்" என்றான். தாய் 35,000க்குப் போட்டிருந்ததை 32,000க்குக் கேட்டார், கொடுத்தோம். படலைவரை போனவன் திரும்பி ஓடிவந்து, மேசை லாச்சியிலிருந்த, கிற்றார் கழுத்தில் மாட்டும் தன் கேப்போவையும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் அவளுடைய பைக்குள் போட்டான்.