சுள்ளியா, விறகா, கேஸா, சிரட்டையா? மறையூர்ப் பக்கம் கூடாரம் போடுகிறவர்களுக்கு

கேரளத்து மறையூர், காந்தல்லூர் பக்கம் கூடாரம் போட்டுத் தங்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி ராத்திரி நெருப்புக்கு என்ன செய்வது என்பதுதான். வழிகள் நான்கு. காட்டில் சுள்ளி பொறுக்குவது, விறகை விலைக்கு வாங்குவது, கேஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வருவது, உடுமலையிலிருந்து ஒரு சாக்குத் தேங்காய்ச் சிரட்டை ஏற்றி வருவது. நான் சிரட்டைக் கட்சி. மற்ற மூன்றையும் செய்தவர்களோடு இருந்து பார்த்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் வந்தேன். ஆகவே இந்த அலசலில் நடுநிலையைத் தேட வேண்டாம்.

சுள்ளியை முதலில் முடித்துவிடலாம். “விழுந்து காய்ந்த குச்சிதானே, எடுத்தால் யாருக்கு நட்டம்?” என்று கேட்காத ஆள் இல்லை. சட்டம் பச்சை, காய்ந்தது என்று பிரித்துப் பார்ப்பதில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 29ஆம் பிரிவில், சரணாலயத்திலிருந்து வனப்பொருள் எதையும் அனுமதியின்றி எடுக்கக் கூடாது என்கிறது. அடுத்த பிரிவு, சரணாலயத்துக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவதையும், எரியும் நெருப்பை அப்படியே விட்டுப் போவதையும் தடுக்கிறது. காப்புக்காடுகளுக்குக் கேரளத்தில் 1961ஆம் ஆண்டுச் சட்டம், தமிழ்நாட்டில் 1882ஆம் ஆண்டுச் சட்டம். உடுமலையிலிருந்து ஏறுகிற சாலை முதலில் ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் போகிறது; எல்லை தாண்டியதும் சின்னாறு சரணாலயம். இடையில் வண்டியை நிறுத்தி நாலு குச்சி எடுக்க உரிமையுள்ள இடம் என்று ஒன்றும் கிடையாது.

“பழங்குடிப் பாட்டி தலையில் சுள்ளிக் கட்டு வைத்துக்கொண்டு போகிறாரே, அது மட்டும் சரியா?” என்பது அடுத்த கேள்வி. சரிதான். சின்னாற்றுக்குள் முதுவர், மலைப்புலையர் குடிகள் இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாகக் காட்டை நம்பி வாழ்கிறவர்களின் உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. அதில் சிறு வனப்பொருள் என்ற பட்டியலில் மூங்கில், தேன், மெழுகோடு புதர்க்கட்டையும் வருகிறது. அது அந்தப் பாட்டியின் உரிமை. சனி, ஞாயிறு மட்டும் வந்து போகும் நமக்கு அதில் பங்கு இல்லை. பணம் கொடுத்து அந்த ஊர்ப் பையனை அனுப்பி எடுத்துவரச் சொல்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். மாட்டினால் மாட்டுவது அந்தப் பையன். இதைவிட மட்டமான யோசனை வேறு இல்லை.

மறையூருக்கென்று இன்னொரு தனிச் சிக்கலும் உண்டு: சந்தனம். இங்கே அது இயற்கையாக வளர்கிறது, கம்பிவேலியும் காவலும் போட்டு வனத்துறை காக்கிறது. “சந்தனம் என்றால் வாசனையில் தெரிந்துவிடாதா?” என்றால், தெரியாது. மணம் மரத்தின் உள்ளே இருக்கும் வைரம் பாய்ந்த நடுக்கட்டையில்தான். வெளிமரத்துக்கும் இளங்கிளைக்கும் வாசமே கிடையாது. கட்டைவிரல் பருமனில் காய்ந்து கிடக்கும் சந்தனக் குச்சி, பக்கத்தில் கிடக்கும் வேறெந்தக் குச்சியைப் போலவும்தான் இருக்கும். அதைப் பொறுக்கி அடுப்பில் செருகிய பிறகு எனக்குத் தெரியாது சார் என்று சொல்லிக்கொண்டு நிற்பது யாருக்கு வேண்டும்?

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, அங்கெல்லாம் எடுக்கிறார்களே என்பவர்களுக்கு ஒரு வரி. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களிலும் பூங்கா நிர்வாகம் குறித்துக் கொடுத்த இடத்தில், தானாக விழுந்து காய்ந்த கட்டையை மட்டுமே எடுக்கலாம். மற்ற இடங்களில் தடைதான்.

அடுத்தது விலைக்கு வாங்கிய விறகு. எரிவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நன்றாகக் காய்ந்த சவுக்குக் கட்டை ராத்திரி முழுக்கக் கனலும், தைல மரக் கட்டையும் மோசமில்லை. விலையும் கட்டுப்படியாகும். நான் அதை விட்டதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. விறகின் முகத்தில் ஊர் எழுதியிருக்காது.

இது சின்ன விஷயம்போலத் தோன்றும். சட்டத்தின் பக்கம் நின்று பார்த்தால் சின்னதில்லை. கேரள வனச் சட்டத்தின் 69ஆம் பிரிவுப்படி, ஒரு வனப்பொருள் அரசுடையதா இல்லையா என்ற கேள்வி வழக்கில் எழுந்தால், அல்லவென்று நிரூபிக்கும் வரை அது அரசுடையது என்றே கொள்ளப்படும். நிரூபிக்க வேண்டியது நம் வேலை. விறகுக் கடையில் யார் பில் வாங்குகிறார்கள்? வாங்கினாலும் அந்தத் துண்டுச் சீட்டில் “விறகு, ஒரு கட்டு” என்று இருக்குமே தவிர, கூடாரத்துக்குப் பக்கத்தில் கிடக்கும் இந்தக் கட்டைதான் அந்தக் கட்டு என்று அது சொல்லாது. மலை ஏறும்போதாவது பரவாயில்லை, காட்டுக்குள் விறகு கொண்டு போகிறவன் திருடனாக இருக்க மாட்டான் என்று நினைப்பார்கள். எரித்தது போக மீந்த அரைக்கட்டோடு ஞாயிற்றுக்கிழமை இறங்கி வரும்போதுதான் வம்பு. காட்டுப் பக்கமிருந்து விறகோடு வரும் வண்டி எப்படித் தெரியும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சின்னாறு சோதனைச் சாவடியில் ஒருமுறை அப்படி ஒரு வண்டி எங்களுக்கு முன்னால் நின்றது.

“எங்கே வாங்கியது?”

“உடுமலையில் வாங்கியது அண்ணே.”

“உடுமலையில் வாங்கியதை ஏன் திரும்ப உடுமலைக்கே கொண்டு போகிறீர்கள்?”

அவர்கள் சொன்னது உண்மையாகவே இருந்திருக்கலாம். கட்டை அங்கேயே இறக்கி வைக்கப்பட்டது. பின்னால் நின்ற எங்கள் ஜீப்பில் வனத்துறை வாட்சர் சாக்கின் வாயை விலக்கினார், ஒரு சிரட்டையை எடுத்துப் புரட்டினார், திரும்பப் போட்டுவிட்டார். “தென்னை எங்கள் காட்டில் இல்லை, போங்கள்” என்றார்.

சிரட்டையின் பெருமை இதில்தான் இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்பதை அதுவே சொல்லிவிடும். சின்னாறு மழை மறைவுப் பகுதி, முள்ளும் புதருமான வறண்ட காடு. அங்கே தேங்காய் காய்க்காது. உடுமலை, பொள்ளாச்சிப் பக்கமோ தென்னை சூழ்ந்த ஊர். கொப்பரைக் களங்களில் சிரட்டை குவிந்து கிடக்கும். கரி சுடுகிறவர்கள் மொத்தமாக அள்ளிக்கொண்டு போவதற்கு முன் ஒரு சாக்கு கேட்டால் யாரும் மறுப்பதில்லை. மறையூர்ச் சர்க்கரை எனப்படும் வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டகைகளைப் பாருங்கள். பிழிந்த கரும்பின் சக்கையைக் காயவைத்து அதையேதான் அடுப்புக்குத் தள்ளுகிறார்கள். காட்டைத் தொடாமல் நெருப்பு வளர்க்கும் வழி இந்த ஊரில் ஏற்கெனவே இருக்கிறது.

எரிக்கும் முறை: மூன்று கல் கூட்டி, அடியில் ஒரு சிரட்டையை மல்லாத்தி வைத்து, அதற்குள் ஒரு பிடி தேங்காய் நார். அதைச் சுற்றி நாலைந்து சிரட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று சாய்த்து, காற்றுப் போக இடம் விட்டு அடுக்க வேண்டும். நாரில் தீ வைத்ததும் முதலில் கரும்புகை வரும், கண் எரியும். அது கொஞ்ச நேரம்தான். பிறகு பிடிக்கிற தழல் விறகுத் தழலைவிட உக்கிரமானது, குழம்பு சட்டென்று கொதிக்கும். பாத்திரத்தின் அடி கரி பிடிப்பது நிச்சயம், முன்கூட்டியே அடியில் மண் பூசிவிட்டால் தேய்க்கச் சுலபம். தழல் சீக்கிரம் அடங்கிவிடுவது ஒரு குறை. பக்கத்திலேயே உட்கார்ந்து போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அடங்கிய பிறகு நிற்கும் கனல் நெடுநேரம் நிற்கும். சப்பாத்தி சுட, கிழங்கு சுட அதுதான் பதம்.

அந்தக் கனலைத் தட்டில் அள்ளிக் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு குளிர்காய யாராவது கிளம்பினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். கரிக்கனலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

கேஸ் அடுப்பு நல்ல போட்டியாளர்தான். ஊர் எது என்ற கேள்வியே அதற்கு எழாது. புகை இல்லை, பொறி இல்லை. மழை நாளில் காலைத் தேநீருக்கு அதை அடிக்க ஆள் கிடையாது. ஆனால் ரயிலில் கேஸ் கொண்டு வருவது குற்றம்; 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் சட்டவிரோதமாக ஏற்றி வந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்ததை மறந்திருக்க முடியாது. காரில் வருகிறவர்களுக்கு 5 கிலோ சிலிண்டர் சரி. கையடக்கமான பியூட்டேன் குப்பி மார்கழிக் குளிரில் சோர்ந்துவிடும்: பியூட்டேன் கொதிப்பதே பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழே என்பதால், குளிர் ஏற ஏறக் குப்பிக்குள் அழுத்தம் இறங்கி, சுடர் மெழுகுவத்தி அளவுக்குச் சுருங்கும். குளிருக்கென்றே வேறு கலவை அடைத்த குப்பிகள் வருகின்றன. நான் அவற்றை அதிகம் பயன்படுத்தியதில்லை, மலையேறும் நண்பர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். அதோடு, கேஸ் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து கதை பேச முடியாது. இதை ஒரு காரணமாகச் சொல்வது நியாயமா என்று தெரியவில்லை, ஆனால் எனக்கு அது காரணம்தான்.

சிரட்டைக்கும் எல்லை உண்டு. நான் சொன்னதெல்லாம் காந்தல்லூர்ப் பக்கத்துத் தனியார் தோட்டங்களில், நிலத்துக்காரர் சம்மதத்தோடு போடும் நெருப்புக்கு. சரணாலயத்துக்குள் வனத்துறையின் ஏற்பாட்டில் தங்கினால் அவர்கள் காட்டும் இடத்தில் அவர்கள் மூட்டுவதுதான் நெருப்பு. நம் சாக்கு வண்டியிலேயே இருக்கட்டும். மாசி, பங்குனியில் தோட்டமானாலும் நான் சிரட்டையை எடுப்பதில்லை. 2018 மார்ச்சில் போடிக்கு மேலே குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 20க்கும் மேற்பட்டோரைக் காட்டுத்தீ கொண்டு போனது. புல் காய்ந்து கிடக்கும் அந்த மாதங்களில் ஒரு பொறி போதும். அப்போது கேஸ், அதுவும் சமையலுக்கு மட்டும்.

மற்ற மாதங்களில் அணைப்பதற்கென்று ஒரு குடம் தண்ணீரைத் தனியாக வைத்துவிட்டுத்தான் பற்றவைப்பது. சிரட்டைக் கனல் மேலே சாம்பல் பூத்து அணைந்ததுபோல் ஏமாற்றும். தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, சீறல் நிற்கும் வரை மறுபடி ஊற்றி, புறங்கையை மேலே காட்டிப் பார்த்துவிட்டுப் படுக்கப் போக வேண்டும். காலையில் மிஞ்சும் கரியை அதே சாக்கில் போட்டு இறக்கிவிடலாம். கீழே இஸ்திரிக்காரர் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்.