சைல்டு லாக், பவர் விண்டோ, அலாரம்: பிள்ளைகள் ஏறும் காருக்கு எது ஒத்துவரும்?

காரில் உள்ள எந்தப் பூட்டுக்கும் இரண்டு வேலை உண்டு. வெளியே நிற்பவரை உள்ளே விடாது. உள்ளே இருப்பவரை வெளியே விடாது. ஷோரூமிலும் ஆக்சஸரீஸ் கடையிலும் முதல் வேலையைச் சொல்லித்தான் விற்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் உயிர் சம்பந்தப்பட்டது இரண்டாவது வேலை. அதனால் இங்கே ஒவ்வொரு வசதியையும் ஒரே கேள்வியை வைத்து எடை போடுகிறோம்: பிள்ளை உள்ளே மாட்டிக்கொண்டால், ஒரு பெரியவர் எவ்வளவு சீக்கிரம் அதை வெளியே எடுக்க முடியும்?

அவசரம் ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறோம். வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் கூடிவிடும். கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் வராது. பெரியவர் உடம்பைவிடக் குழந்தை உடம்பு பல மடங்கு வேகமாகச் சூடேறும். 2022 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே, நிறுத்தியிருந்த காருக்குள் விளையாடப்போன மூன்று குழந்தைகள் இறந்துபோனார்கள். வெளியிலிருந்து எளிதாகத் திறக்கிற, உள்ளிருந்து பிள்ளைக்குத் திறக்க வராத கார் எந்தத் தெருவில் நின்றாலும் இதே ஆபத்து அங்கேயும் இருக்கிறது.

நெம்புகோல் சைல்டு லாக்கா, சுவிட்ச் சைல்டு லாக்கா?

பெரும்பாலான கார்களில் பின்கதவின் விளிம்பில், கதவைக் கவ்விப் பிடிக்கும் லாட்சுக்குப் பக்கத்தில், சின்ன நெம்புகோல் இருக்கும். கதவைத் திறந்தால்தான் கண்ணில் படும். சில கார்களில் நெம்புகோலுக்குப் பதில் ஒரு பள்ளம் இருக்கும். சாவி முனையை விட்டுத் திருப்ப வேண்டும். இரண்டும் செய்வது ஒன்றுதான்: உள்கைப்பிடிக்கும் லாட்சுக்கும் உள்ள தொடர்பைத் துண்டிக்கிறது. வெளிக்கைப்பிடி எப்போதும்போல் வேலை செய்யும்.

விலை கூடிய மாடல்களில் ஓட்டுநர் கதவில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் விளக்கு எரியும், இரண்டு பின்கதவுகளின் உள்கைப்பிடியும் ஒரே நேரத்தில் செயலிழக்கும். சில கார்களில் பின் கண்ணாடி சுவிட்சுகளும் சேர்ந்தே அடங்கிவிடும்.

பின்சீட்டில் எப்போதும் பிள்ளைகள் மட்டுமே உட்காரும் வீட்டுக்கு நெம்புகோலே மேல் என்பது எங்கள் கணிப்பு. மின்சாரம் வேண்டாம், கதவை மூடினால் பிள்ளையின் கைக்கு எட்டாது, வைத்த நிலையிலேயே இருக்கும். ஆனால் போட்டிருப்பதை நினைவூட்ட எந்த விளக்கும் இல்லை. ஒரு கதவில் போட்டு மறுகதவில் விட்டுவிடுவது சாதாரணமாக நடக்கிறது. சாலைப் பக்கக் கதவில் விட்டுப்போனால் போட்டதற்கே பயனில்லை. பாட்டி, தாத்தா, பிள்ளைகள் என்று ஆள் மாறி மாறி ஏறும் காருக்குச் சுவிட்ச் வகை வசதி. பின்னால் பெரியவர்கள் மட்டும் இருந்தால் அணைத்துவிடலாம். மோதிய பிறகு அது தானாக விடுபடுமா, பேட்டரி செத்தால் எந்த நிலையில் நிற்கும் என்பது காருக்குக் கார் மாறும். கையேட்டில் அந்தப் பக்கத்தைப் படித்த பிறகே அதை நம்ப வேண்டும்.

எந்த வகையானாலும் சோதிக்கும் முறை ஒன்றே. பின்சீட்டில் உட்கார்ந்து, முதலில் கண்ணாடியை முழுக்க இறக்குங்கள். கதவை மூடி, உள்கைப்பிடியை இரண்டு முறை இழுங்கள். இரண்டு முறை, ஏனென்றால் பல கார்களில் முதல் இழுப்பு பூட்டை விடுவிக்கும், இரண்டாவது இழுப்புதான் கதவைத் திறக்கும். கதவு திறக்கவில்லை என்றால் கையை வெளியே விட்டு வெளிக்கைப்பிடியால் திறந்து இறங்குங்கள். பழைய கார் வாங்கியவர்கள் அன்றைக்கே இதைச் செய்ய வேண்டும்.

இதில் பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. சைல்டு லாக் போட்டிருந்தாலும் சிக்னலில் நிற்கும்போது வெளியிலிருந்து யாரும் கதவைத் திறக்கலாம். அதைத் தடுப்பது எல்லாக் கதவையும் ஒன்றாகப் பூட்டும் சென்ட்ரல் லாக். ஓடும்போது இரண்டும் வேண்டும். வீட்டு வாசலில் நிறுத்தும்போது கணக்கு தலைகீழ்: சைல்டு லாக் போட்டு, சென்ட்ரல் லாக் போடாமல் நிற்கும் காரில் பிள்ளை பின்கதவைத் திறந்து ஏறிவிடும், கதவு சாத்திக்கொண்டால் உள்கைப்பிடி வேலை செய்யாது. முன்சீட்டுக்குத் தாண்டிப் போனால் அங்கே கதவு திறக்கும் என்பது மூன்று வயதுப் பிள்ளைக்குத் தோன்றாது. ஆகவே கார் சும்மா நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் பூட்டியே நிற்க வேண்டும், சாவி பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் தொங்க வேண்டும். முன்சீட்டுக்குத் தாண்டவும் ஹாரனை விடாமல் அழுத்தவும் பிள்ளைக்குப் பழக்கிவிடுங்கள். எஞ்சின் அணைந்திருக்கும்போது உங்கள் காரில் ஹாரன் அடிக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாடகைக் கார்களின் கதை வேறு. பயணி, குறிப்பாகப் பெண் பயணி, உள்ளே சிறைப்படக் கூடாது என்பதற்காக 2019 ஜூலை முதல் டாக்சிகளில் சைல்டு லாக் கூடாது என்று இந்தியாவில் விதி வந்தது. அதே மாதம் முதல் புதிய கார்களில் மின்சாரம் போனாலும் சென்ட்ரல் லாக்கைக் கையால் விடுவிக்கும் வழி கட்டாயமானது.

கண்ணாடி: மூன்று போட்டிகள்

பவர் விண்டோவில் முதலில் பார்க்க வேண்டியது சுவிட்சின் வடிவம். சீசாப் பலகை போல ஆடும் தட்டைச் சுவிட்சில் ஒரு முனையை அழுத்தினால் கண்ணாடி ஏறும். பிள்ளை தலையை வெளியே நீட்டிக்கொண்டு கைப்பிடித் திண்டில் முழங்காலை ஊன்றினால், முழங்காலே கண்ணாடியை ஏற்றிவிடும். விரலை அடியில் விட்டு மேலே இழுத்தால் மட்டும் ஏறும் வகையில் இந்த விபத்துக்கு இடமில்லை. முழங்கால் அழுத்தினால் கண்ணாடி இறங்கவே செய்யும். அமெரிக்காவில் இழுப்பு வடிவம் சட்டப்படி கட்டாயம். பழைய கார் பார்க்கப்போகிறவர்கள் பின்கதவுச் சுவிட்சை இந்தக் கண்ணோடு பாருங்கள்.

அடுத்தது தடங்கல் பட்டால் தானாகக் கீழிறங்கும் வசதி, அதாவது ஆன்ட்டி பிஞ்ச். மோட்டாரின் சுழற்சியைச் சென்சார் எண்ணிக்கொண்டே வரும். வேகம் திடீரென்று குறைந்தால் எதிலோ முட்டிவிட்டது என்று கணித்து மோட்டாரைத் திருப்பிவிடும். ஐரோப்பிய, அமெரிக்க விதிகளில் இதற்கான எல்லை 100 நியூட்டன். ஏறத்தாழ 10 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். கண்ணாடி விளிம்புக்கும் சட்டத்துக்கும் இடையே 4 மில்லிமீட்டர் முதல் 200 மில்லிமீட்டர் வரையான இடைவெளியில் அந்த அழுத்தத்தை எட்டும் முன் கண்ணாடி திரும்ப வேண்டும். ஒரு குழந்தையின் கழுத்துக்கு 10 கிலோவும் அதிகம்தான். எனவே இந்த வசதி கடைசி அரண். இருக்கிறது என்பதற்காகப் பார்க்காமல் ஏற்றலாம் என்று அர்த்தமில்லை.

இங்கே விலைப்பட்டியல் ஏமாற்றும். ‘ஆன்ட்டி பிஞ்ச் பவர் விண்டோ’ என்று போட்டிருக்கும் பல மாடல்களில் அது ஓட்டுநர் கண்ணாடிக்கு மட்டுமே. பிள்ளைகள் உட்காரும் பின்கதவில் இருக்காது. ஒரே தட்டலில் முழுக்க ஏறும் ஆட்டோ அப் எந்தக் கதவில் இருக்கிறதோ, பெரும்பாலும் அங்கேதான் இதுவும் இருக்கும். நான்கு கதவுக்கும் தரும் மாடலுக்கும் ஒன்றுக்கு மட்டும் தரும் மாடலுக்கும் நடுவே தயங்கினால், மற்ற அலங்காரங்களை விட்டுக்கொடுத்தாவது முதலாவதை எடுங்கள். பின்னால் கையால் சுற்றும் கண்ணாடி உள்ள பேஸ் மாடலைக்கூட இந்த விஷயத்தில் குறைவாக எண்ண வேண்டாம். சுற்றும் கண்ணாடி தானாக ஏறி யார் கழுத்தையும் நெரிக்காது. பிள்ளை அதை இறக்கிவிட்டு எட்டிப் பார்ப்பதை மட்டும் கண்காணிக்க வேண்டும்.

ஆன்ட்டி பிஞ்ச் பிசகுவதற்கு இரண்டு காரணங்கள் பெரும்பாலும் அமைகின்றன. ஒன்று, பேட்டரியைக் கழற்றி மாட்டினால் கண்ணாடியின் மேல் எல்லை கம்ப்யூட்டருக்கு மறந்துபோவது. ஆட்டோ அப் வேலை செய்யாமல் போவது இதற்கு அடையாளம். எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடியை முழுக்க இறக்கி, சுவிட்சை இழுத்துப் பிடித்தபடியே முழுக்க ஏற்றி, மேலே முட்டிய பிறகும் 2 முதல் 5 நொடி விடாமல் பிடித்தால் பல கார்களில் சரியாகிவிடும். ஒவ்வொரு கண்ணாடிக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். இரண்டாவது, கண்ணாடி ஓடும் ரப்பர் தடத்தில் மண் சேர்வது. உரசல் கூடுவதால் யாரும் கை வைக்காமலே கண்ணாடி பாதியில் திரும்பும். எரிச்சலில் சுவிட்சை விடாமல் இழுத்துப் பிடித்து ஏற்றுவார்கள். பல கார்களில் அப்படிப் பிடித்தால் பாதுகாப்பு விலகிவிடும்; அதுவே வழக்கமானால் ஆன்ட்டி பிஞ்ச் இருந்தும் இல்லாததுபோல்தான். தடத்தை ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்தபின் சிலிகான் ஸ்ப்ரே அடியுங்கள். கிரீஸ், எஞ்சின் ஆயில் வேண்டாம். மண்ணைப் பிடித்துக்கொள்ளும், ரப்பரும் உப்பிவிடும். சரியாகிவிட்டதா என்று பார்க்கச் சுருட்டிய செய்தித்தாளைக் குறுக்கே வையுங்கள். கையை ஒருபோதும் வைக்காதீர்கள்.

மூன்றாவது, விண்டோ லாக் பொத்தான். இது பின்சீட்டுச் சுவிட்சுகளை அடக்கும். ஓட்டுநரின் சுவிட்சை அடக்காது. பின்னால் திரும்பிப் பார்க்காமல் ஓட்டுநரே ஏற்றுவதை இந்தப் பொத்தான் தடுக்காது. ‘கையை உள்ளே எடு’ என்று வாய்விட்டுச் சொல்லி, கண்ணால் பார்த்து, பிறகு ஏற்றுவதுதான் முறை. இறங்கும்போது சாவி கையோடு வர வேண்டும். இக்னிஷனை அணைத்த பின்னும் கொஞ்ச நேரம் கண்ணாடி ஏறி இறங்கும் கார்கள் உண்டு. பல கார்களில் முன்கதவைத் திறந்தால்தான் அந்த இணைப்பு அறும்.

ஒன்றைக் கண்டிப்பாக ஒதுக்கச் சொல்கிறோம்: காரைப் பூட்டியதும் எல்லாக் கண்ணாடியையும் தானாக ஏற்றும், வெளிக்கடையில் பொருத்தும் மாட்யூல். மலிவான மாட்யூல்கள் மோட்டார் முட்டி நின்று கரண்ட் ஏறும்போது நிறுத்த மட்டுமே தெரிந்தவை, திருப்பத் தெரியாது. நடுவில் மாட்டியது விரலாக இருந்தால் கண்ணாடி அதை அழுத்தியபடியே நின்றுவிடும். காரோடு வரும் இதே வசதி, நான்கு கண்ணாடியிலும் ஆன்ட்டி பிஞ்ச் இருந்தால், ஏற்கத்தக்கது.

அலாரம்: கம்பெனி வகையா, கடை வகையா?

கம்பெனி அலாரம் கதவு, பானெட், டிக்கி திறப்பதைக் கவனிக்கும். சாவியில் உள்ள சிப்பை எஞ்சின் கம்ப்யூட்டர் அடையாளம் கண்டால்தான் வண்டி கிளம்பும். அந்த இம்மொபிலைசர்தான் திருட்டைத் தடுப்பதில் பெரும்பங்கு வகிக்கிறது, சைரன் அல்ல. வெளியிலிருந்து பூட்டிய காரில் பிள்ளை உள்ளிருந்து கதவைத் திறந்தால் சைரன் அலறும். நம் கேள்விப்படி இது நல்ல குணம்: சத்தம் ஆளைக் கூட்டும். சில ஐரோப்பிய கார்களில் டெட்லாக் உண்டு. பூட்டும் பொத்தானை இருமுறை அழுத்தினால் உள்கைப்பிடிகள் எல்லாமே செத்துவிடும். உள்ளே ஒரு ஆள் இருந்தாலும் அதைப் போடவே கூடாது.

கடை அலாரத்தில் அதிர்வுச் சென்சார் இருக்கும். லாரி போனாலும் தீபாவளி வெடிக்கும் கத்தும். பொய்யாகக் கத்துகிறது என்று ஓரிரு வாரத்தில் அதை அணைத்தே வைத்துவிடுவார்கள். சென்சாரில் உள்ள சின்ன ஸ்க்ரூவைக் குறைத்து, கண்ணாடியை உள்ளங்கையால் பலமாகத் தட்டினால் மட்டும் கத்தும்படி வைத்தால் தொல்லை குறையும்.

வயரிங்தான் பெரிய பிரச்சினை. வயரை அறுத்து முறுக்கி டேப் சுற்றும் வேலை வாரண்டியைக் கெடுக்கும், சூடேறித் தீப்பிடிக்கவும் வைக்கும். அறுக்காமல் கப்ளரில் சொருகும் கிட்டாகவும், பேட்டரிக்கு அருகில் தனி ஃப்யூஸோடும் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். பேட்டரிக் கணக்கும் போட்டுப் பாருங்கள். நின்ற காரில் 50 மில்லிஆம்பியர் வரை கசிவது இயல்பு, நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. 45 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதி தீர 18 நாளுக்கு மேலாகும். அலாரம் இன்னும் 30 மில்லிஆம்பியர் இழுத்தால் 12 நாளுக்குள் பாதி காலி. அளப்பதானால் எல்லாவற்றையும் மூடி அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். அதற்குமுன் கம்ப்யூட்டர்கள் தூங்கியிருக்காது. ஓடும் எஞ்சினை அணைக்கும் ரிலேயை ஏற்கவே வேண்டாம். பாதி வழியில் அது பழுதானால் ஸ்டியரிங் கனத்துவிடும், பிரேக் கட்டையாகிவிடும்.

நாங்கள் அதிகம் பயப்படுவது கடை ரிமோட்டின் ‘ஆட்டோ ரீலாக்’கைப் பார்த்து. ரிமோட்டில் திறந்து அரை நிமிடத்துக்குள் கதவு எதுவும் திறக்காவிட்டால் மறுபடி பூட்டிக்கொள்ளும். கம்பெனி வகையில் ஒரு கதவு திறந்தாலே இது ரத்தாகும். கடை வகையில் கதவுச் சுவிட்ச் வயரை இணைக்காமல் விட்டால், கதவு திறந்ததே அதற்குத் தெரியாது. சாவியைச் சீட்டில் போட்டு, பிள்ளையை உட்காரவைத்து, கதவைச் சாத்தி, மறுபக்கம் சுற்றி வருவதற்குள் கார் பூட்டிக்கொள்ளும். பொருத்தியவரிடம் இந்த வசதியை அணைக்கச் சொல்லுங்கள். திருட்டுப் பயம்தான் என்றால் கியர் லாக்கும் மறைவாக வைத்த ஜிபிஎஸ் டிராக்கரும் போதும். இரண்டும் யாரையும் உள்ளே அடைப்பதில்லை.

பூட்டிக்கொண்டுவிட்டால்

மாற்றுச் சாவி சில நிமிடத்தில் வந்துவிடும் தூரம் என்றால் எடுத்துவரச் சொல்லுங்கள். இல்லையென்றால், வெயிலில் மெக்கானிக்குக்காகக் காத்திருக்காதீர்கள். அவசர உதவி எண் 112க்கு அழைத்துக்கொண்டே, பிள்ளை இருக்கும் இடத்திலிருந்து மிகத் தள்ளி உள்ள பக்கக் கண்ணாடியை உடையுங்கள். நடுவில் அடிக்காமல் கீழ் மூலையில், கூரான கனத்த பொருளால் அடியுங்கள். முன் கண்ணாடியை முயலாதீர்கள். நடுவே பிளாஸ்டிக் படலம் இருப்பதால் விரிசல் விடும், வழி விடாது. விலை உயர்ந்த சில கார்களில் பக்கக் கண்ணாடியும் அப்படியே. மூலையில் உள்ள அச்சைப் படித்து முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

ரிமோட் செத்துப்போனதால் திறக்கவில்லை என்றால் உடைக்கத் தேவையில்லை. ஸ்மார்ட் சாவிக்குள் இரும்புச் சாவி ஒன்று ஒளிந்திருக்கும். ஓட்டுநர் கதவுக் கைப்பிடியில், சில கார்களில் ஒரு மூடிக்கு அடியில், அதற்கான துவாரம் இருக்கும். அப்படித் திறந்தால் அலாரம் அலறக்கூடும். அலறட்டும். முதலில் பிள்ளையை இறக்குங்கள், பிறகு சாவியை ஸ்டார்ட் பொத்தானை ஒட்டிப் பிடித்து இக்னிஷனைப் போட்டால் சைரன் நிற்கும்.